நாலாவது மணி நேரத்து ஆட்டம்

"அண்ணே, நீங்க ரெய்ஸ் பண்ணினா எங்களுக்குச் சீட்டைத் திறந்து காட்டின மாதிரி."

இதைச் சொன்னவன் எங்கள் போக்கர் சீட்டாட்ட மேசையில் வயதில் சின்னவன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன். சொல்லிவிட்டுச் சிரித்தான். மற்ற நான்கு பேரும் கூடவே சிரித்தார்கள். என் கையில் இருந்தது இரண்டு ஏஸ். சராசரியாக 221 கைக்கு, அதாவது 221 தடவை சீட்டு பங்கிட்டால், ஒரு தடவைதான் வரும் சீட்டு அது. மூன்று பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தேன், அதாவது பந்தயத்தை அந்த அளவுக்கு உயர்த்தினேன். ஐந்து பேரும் வரிசையாகச் சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது, சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறை வைத்துக் கட்டும் சின்ன பிளைண்டும் பெரிய பிளைண்டும் (சின்னது பெரியதில் பாதி), ஆக ஒன்றரை பிளைண்ட். அதற்குத்தான் இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

நான் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் எழுதியதில் ஒற்று மிகுமா மிகாதா என்று பகலெல்லாம் பார்ப்பது வேலை. வேலையின் குணம் மேசைக்கும் வந்துவிட்டது. பந்தயத்துக்கு வரம்பில்லாமல் பணத்துக்கு ஆடும் நோ-லிமிட் கேஷ் கேமை நான் ஆட ஆரம்பித்த முதல் ஒன்றரை வருடம் ஆடிய ஆட்டத்துக்குப் பெயர் 'டைட்'. உண்மையில் அது ஆட்டமே இல்லை, தப்பு செய்யாமல் உட்கார்ந்திருக்கும் பயிற்சி. பெரிய ஜோடி வந்தால் உள்ளே போவேன். ஏஸ்-கிங் வந்தால் போவேன். மற்ற நேரமெல்லாம் சீட்டைத் தள்ளிவிட்டு, பந்தய வில்லைகளான சிப்ஸை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருப்பேன்.

இப்படி ஆடுவதற்குச் செலவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் கிடைக்கும் இரண்டு சீட்டுகள் மொத்தம் 1,326 விதமாக அமையலாம். அதில் ஏஸ் ஜோடி 6, கிங் ஜோடி 6, குயின் ஜோடி 6, ஏஸ்-கிங் 16. கூட்டினால் 34. அதாவது ஏறக்குறைய 39 கைக்கு ஒரு தடவைதான் எனக்குப் பிடித்த சீட்டு வரும். ஆறு பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை பிளைண்ட் கட்டியாக வேண்டும். 39 கை என்றால் ஆறரைச் சுற்று, கிட்டத்தட்ட பத்து பிளைண்ட். பத்து பிளைண்டை மேசையில் வைத்துவிட்டு, நல்ல சீட்டு வந்ததும் ஒன்றரையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஆறு பேர் மேசையில் 100 கைக்கு 25 பிளைண்ட் வாடகை. ஒன்பது பேர் மேசையில் இது 17-க்குக் கொஞ்சம் கீழே. இருவர் மட்டும் ஆடினால் 75. எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமலே 'நான் டைட் ஆட்டக்காரன்' என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு அபத்தம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, மாற்றிப் பார்ப்போம் என்று கிளம்பினேன். அடுத்த சில மாதங்கள் எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர் 'லூஸ் அக்ரெசிவ்'. அந்தத் தம்பி ஆடுவது அப்படித்தான். பத்துக்கு நான்கு கையில் உள்ளே இருப்பான், ஆனால் கால் செய்து, அதாவது இருக்கும் பந்தயத்துக்குச் சமமாக மட்டும் கட்டி, நுழைவது அபூர்வம். ரெய்ஸ் செய்வான், அடுத்தவர் ரெய்ஸ் செய்தால் திருப்பி ரெய்ஸ் செய்வான், ஃபிளாப்பில் பெட், டர்னிலும் பெட். (மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு ஃபிளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் வைக்கும் புதுப் பந்தயம் பெட்.) பார்க்க அழகாக இருக்கும். யாருக்கும் மூச்சு விட நேரம் கொடுக்கமாட்டான். நானும் அவனைப் போல ரெய்ஸ் செய்தேன், அவனைப் போலவே சிப்ஸைத் தூக்கி மெதுவாக முன்னே தள்ளினேன். அது வரைக்கும் நன்றாகவே வந்தது. அதற்கப்புறம் ஆட வேண்டிய பகுதிதான் வரவில்லை.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு கையை முழுதாகச் சொல்கிறேன், நோட்டில் அப்படியே இருக்கிறது.

ஆறு பேர். எல்லோரிடமும் 100 பிளைண்ட் அளவில் ஸ்டாக், அதாவது சிப்ஸ் இருப்பு. நான் முதலில் பேசவேண்டிய, அதாவது முதலில் முடிவு சொல்லவேண்டிய இடத்தில். சீட்டு: கிங்கும் 9-ம், இரண்டும் டயமண்ட். மூன்று பிளைண்டுக்கு ரெய்ஸ். பட்டனில், அதாவது ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில், இருந்தவர் எங்கள் மேசையின் நிதானப் பேர்வழி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கால் செய்தார். மற்றவர்கள் விலகினார்கள். பாட் என்று சொல்லும் நடுக் குவியலில் ஏழரை பிளைண்ட்.

ஃபிளாப்: ஸ்பேட் கிங், ஆட்டின் 7, கிளாவர் 4. எனக்குப் பெரிய ஜோடி அமைந்துவிட்டது. 5 பெட் வைத்தேன், கால். பாட் பதினேழரை. டர்ன்: டயமண்ட் 2. ஒன்றும் மாறவில்லை. 12 வைத்தேன், அதற்கும் கால். இந்த இடத்தில் எனக்கு லேசாக வயிற்றைப் பிசைந்தது. ரிவர்: ஸ்பேட் ஜாக். செக் செய்தேன், அதாவது பந்தயம் வைக்காமல் முறையைத் தள்ளினேன். பாட்டில் நாற்பத்தொன்றரை. அவர் 30 வைத்தார்.

30 போட்டால் எழுபத்தொன்றரை வரும். பத்தில் மூன்று தடவை ஜெயித்தால் போதும், கால் நியாயம். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் அந்த மனிதர் பத்தில் மூன்று தடவை அங்கே ப்ளஃப் செய்கிறவரா, அதாவது சீட்டில்லாமல் பந்தயம் வைத்து மிரட்டுகிறவரா? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. தெரியாததால் கால் செய்தேன். கிங்-குயினைத் திறந்து வைத்தார். இருவருக்கும் கிங் ஜோடி, ஆனால் அவருடைய துணைச் சீட்டு என் 9-ஐவிடப் பெரியது.

50 பிளைண்ட் போய்விட்டது. இதில் நாடகம் ஒன்றும் இல்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கட்டமாகத் திருப்பிப் பார்த்தேன். ஃபிளாப் பெட் சரி. டர்ன் பெட் தப்பென்று சொல்ல முடியாது. ரிவர் கால்கூட விவாதத்துக்குரியதுதான். தப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்திருந்தது. ஐந்து பேர் எனக்குப் பின்னால் பேசக் காத்திருக்கும் இடத்தில், கிங்கோடு துணைக்கு வெறும் 9 இருக்கிற சீட்டை எடுத்துக்கொண்டு நுழைந்திருந்தேன். கிங் விழுந்தால் சிக்கல் வரும் என்று தெரிந்தே கிங் விழ வேண்டிக்கொள்வது அது. 'இரண்டும் ஒரே இனம்' என்பது எனக்குச் சமாதானமாக இருந்தது. ஒரே இனமாக இருப்பதால் கூடும் பலம் 100-க்கு மூன்று அளவில்தான். ஃபிளாப்பிலேயே ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே இனம்) அமைவது நூறு தடவையில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் நான் ஆட்ட பாணி என்பதையே வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். எத்தனை கை ஆடுவது என்று நான் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை கஷ்டமான முடிவுகளை எனக்கு நானே வரவழைத்துக்கொள்கிறேன் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறேன். ஜோடியில்லாத இரண்டு சீட்டுக்கு ஃபிளாப்பில் ஏதாவது அமைவது மூன்றில் ஒரு தடவைதான். 100-ல் 15 கை ஆடுகிறவன் பத்துத் தடவை வெறுங்கையோடு ஃபிளாப்பைப் பார்ப்பான். 35 கை ஆடுகிறவன் இருபத்துமூன்று தடவை பார்ப்பான். அமைந்த பன்னிரண்டும் பெரும்பாலும் அந்தக் கிங்-9 மாதிரி அரைகுறையாகத்தான் அமையும். அந்த முப்பத்தைந்திலும் டர்ன், ரிவர் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். வைக்கலாமா, எவ்வளவு, அவன் ஏன் இப்போது யோசிக்கிறான், போன வாரம் இதே மாதிரி வந்தபோது என்ன காட்டினான்? தம்பிக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். அவனுக்கு அதுதான் விளையாட்டே. எனக்கு முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். நாலாவது மணி நேரத்தில், பிழை பார்த்துக் களைத்த கண் இருக்கிறதே, அதே கண்ணால்தான் மேசையையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி, 'எந்தப் பாணி அதிகம் ஜெயிக்கும்' என்பது இல்லை. 'நாலாவது மணி நேரத்து நான், எத்தனை கையைத் தாங்குவான்?' என்பதே கேள்வி.

எத்தனை கை என்பது ஒரு விஷயம், எவ்வளவு உறைப்பாக என்பது இன்னொன்று. இரண்டையும் சமமான இரண்டு தேர்வுகளாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனை கை என்பதில் ஆளுக்கு ஆள் இடம் உண்டு. ஆனால் செக்-கால் ஆட்டமா, பெட்-ரெய்ஸ் ஆட்டமா என்பதில் பெரும்பாலும் இடமே கிடையாது. கால் செய்கிறவன் ஜெயிக்க ஒரே வழிதான்: கடைசியில் அவன் சீட்டு பெரியதாக இருக்க வேண்டும். பெட் வைக்கிறவனுக்கு இரண்டு வழி. எதிராளி சீட்டைப் போட்டுவிட்டுப் போகலாம், போகாவிட்டாலும் சீட்டு ஜெயிக்கலாம். பாட்டில் பாதி அளவுக்கு ஒரு பெட் வைத்தால் மூன்றில் ஒரு தடவை எதிராளி விலகினாலே கையில் ஒன்றுமில்லாதவனுக்கும் நஷ்டமில்லை. கூடவே ஒரு ஃப்ளஷ் டிராவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஃபிளாப்பில் நான்கு ஒரே இனச் சீட்டு இருந்தால் ரிவருக்குள் ஐந்தாவது வர 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

இதே ஏஸ் ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு சீட்டோடு வரும் ஒருவனுக்கு எதிராக அது 85 சதவீதம் ஜெயிக்கும். யாரையும் விரட்டாமல் ஐந்து பேரையும் உள்ளே விட்டுவிட்டால் பாதிக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். நிறையக் கை ஆடி, எல்லாவற்றிலும் கால் மட்டும் செய்கிறவர்தான் எந்த மேசைக்கும் சோறு போடுகிறவர். குறைவாக ஆடி, அதிலும் பெரும்பாலும் கால் மட்டும் செய்கிறவர் மெதுவாகக் கரைவார். நான் முதல் ஒன்றரை வருடம் இந்த இரண்டாவது ஆளாக இருந்திருக்கிறேன். டைட் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன், பயம் என்பதுதான் சரியான சொல்.

எங்கள் மேசையில் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை 'பார்த்துடலாமே' என்றுதான் கூப்பிடுவோம். யார் எவ்வளவு வைத்தாலும் சீட்டை ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார், நெற்றியைச் சுருக்குவார், "சரி, பார்த்துடலாமே" என்று சிப்ஸைப் போட்டுவிடுவார். நான் லூஸ் அக்ரெசிவாக இருந்த மாதங்களில் அவரிடம் எத்தனை ப்ளஃப் வைத்தேன் என்று நோட்டு சொல்கிறது: பதினொன்று. வென்றது ஒன்று. அந்த ஒன்றிலும் அவருக்கு ஃபோன் வந்து எழுந்து போனார். பாட் அளவுக்கு ஒரு ப்ளஃப் வைத்தால் இரண்டில் ஒரு தடவையாவது எதிராளி விலக வேண்டும். பத்தில் ஒரு தடவை விலகுகிறவரிடம் அதை வைத்தால், ஒவ்வொரு தடவையும் சராசரியாகப் பாட்டில் ஐந்தில் நான்கு பங்கைத் தூக்கிக் கொடுக்கிறேன் என்று அர்த்தம். அவரிடம் நான் ப்ளஃப் வைத்தது தைரியத்தால் இல்லை. என் பாணி அக்ரெசிவ் என்று நானே ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தேன், பலகைக்கு உண்மையாக நடந்துகொண்டேன்.

அவரிடம் இப்போது நான் ஆடுவது சலிப்பூட்டும் ஆட்டம். ப்ளஃப் கிடையாது. நடுத்தர ஜோடி இருந்தால்கூட இரண்டு கட்டமாவது பெட் வைப்பேன், ஏனென்றால் அவர் அதைவிடச் சின்ன ஜோடியோடு பார்த்துவிடுவார். நல்ல சீட்டு இருந்தால் பெட்டைப் பெரிதாக்குவேன், தயக்கமே இல்லாமல் கட்டுவார். அதே ராத்திரியில் கண்ணாடி துடைக்கும் அவரிடம் நேரெதிராக ஆடுகிறேன். அவர் நிறையக் கையைப் போட்டுவிடுகிறவர், ஆகவே சின்னச் சின்ன பாட்களைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அவர் ரிவரில் 30 வைத்தால் நான் இப்போது கிங்-9-ஐக் கும்பிட்டுப் போட்டுவிடுவேன். ஒரே ஆளாகிய நான் ஒருவரிடம் டைட், ஒருவரிடம் லூஸ். அப்படியானால் என் பாணிதான் என்ன என்று யாராவது கேட்டால், எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று திருப்பிக் கேட்பேன்.

எதிரில் யார் என்பதைவிட இடது பக்கம் யார் என்பது இன்னும் முக்கியம். தம்பி என் இடது பக்கம் உட்கார்ந்தால் நான் என்ன செய்தாலும் எனக்குப் பின்னால் அவன் பேசுவான். நான் ரெய்ஸ் செய்தால் அவன் திருப்பி ரெய்ஸ் செய்வான். அன்றைக்கு என் ஆட்டம் தானாகவே சுருங்க வேண்டும். அவன் என் வலது பக்கம் இருந்தால் அவன் செய்வதைப் பார்த்துவிட்டு நான் முடிவு செய்யலாம். இதற்காக நான் இப்போது சீக்கிரம் வந்து இருக்கை பிடிக்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். போன மாதம் எனக்கு முன்னாடியே வந்து, நான் எங்கே உட்காரப் போகிறேன் என்று நின்றுகொண்டே காத்திருந்தான்.

ஸ்டாக்கைப் பற்றிக் கொஞ்சம். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாமல் பாணியைப் பேசுவது வீண். கையில் சின்ன ஜோடி, 5-5 என்று வையுங்கள். ஃபிளாப்பில் மூன்றாவது 5 வருவது எட்டரைத் தடவைக்கு ஒரு தடவை. வராத தடவைகளில் போட்ட மூன்று பிளைண்டும் போச்சு, வருகிற தடவையில் எல்லாவற்றையும் ஈடுகட்டுகிற அளவுக்கு எதிராளியிடமிருந்து வாங்கியாக வேண்டும். எதிராளியிடம் 100 பிளைண்ட் இருந்தால் கதை நடக்கும். 25 பிளைண்ட் மட்டும் இருந்தால், அதையும் முழுதாகக் கொடுத்துவிடுவார் என்று நிச்சயமில்லாதபோது, மூன்றாவது 5-ஐ நம்பி மட்டும் அவர் ரெய்ஸுக்குக் கால் செய்வது தர்மம் போடுவது மாதிரி. அதனால் ஸ்டாக் குறைவாக இருக்கும்போது பெரிய சீட்டு, குறைந்த கை, சீக்கிர முடிவு. ஸ்டாக் 200-ஐத் தாண்டும்போது 8-7 மாதிரியான ஒரே இன அடுத்தடுத்த சீட்டுகளுக்கு மதிப்பு கூடும், அதுவும் கடைசியாகப் பேசும் பட்டன் இடத்தில் இருந்தால். 200 பிளைண்ட் ஸ்டாக்கோடு முதலில் பேசவேண்டிய இடத்தில் இருந்து ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு மூன்று கட்டமும் பெட் வைத்து நான் பட்டதை இங்கே எழுதப் போவதில்லை.

போட்டி ஆட்டத்தில் இருந்து கேஷ் கேமுக்கு வருகிறவர்கள் அவசரப்படுவதைப் பார்க்கிறேன். அங்கே பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும், சும்மா இருந்தால் ஸ்டாக் தேய்ந்துவிடும். இங்கே பிளைண்ட் ஏறாது. தீர்ந்தால் திரும்ப வாங்கலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். தோற்றாலும் வீடு வழக்கம்போல நடக்கும் என்கிற பணத்தை மட்டும் கொண்டுவந்திருந்தால் அவசரத்துக்குக் காரணமே இல்லை. அப்புறம் ரேக். நடத்துகிறவர் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சதவீதம் எடுக்கிற இடத்தில் ஆடினால், லாபம் நூலிழையில் இருக்கும் கைகளெல்லாம் நஷ்டக் கைகளாகிவிடும். பல இடங்களில் ஃபிளாப் வராவிட்டால் ரேக் எடுப்பதில்லை. அங்கே ரெய்ஸ் செய்து முன்னாலேயே முடித்துவிடுவதற்கு இன்னொரு காரணமும் ஆயிற்று. எங்கள் மேசையில் ரேக் கிடையாது, அதனால் நான் கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம்.

தம்பி ஒருநாள், "கம்ப்யூட்டர் எப்படி ஆடுதோ அப்படி ஆடினா போச்சுண்ணே, பாணி கீணி எல்லாம் எதுக்கு" என்றான். அவன் சொல்வதில் பாதி உண்மை. 2017-ல் லிப்ராட்டஸ் என்ற நிரல், இருவர் ஆடும் நோ-லிமிட்டில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்தது. 2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய புளூரிபஸ், ஆறு பேர் மேசையில் ஐந்து தொழில்முறைக்காரர்களோடு 12 நாளில் 10,000 கை ஆடி முன்னிலை பெற்றது. அது யாருடைய ஆட்டத்தையும் பார்த்துக் கற்கவில்லை, தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. ரெய்ஸ் இல்லாமல் வெறும் பிளைண்ட் தொகையைக் கட்டி நுழைகிற லிம்ப் என்பது சின்ன பிளைண்ட் இடத்தைத் தவிர வேறு எங்கும் சரிவராது என்ற அனுபவஸ்தர்களின் பழைய பேச்சு சரிதான் என்று அதன் ஆட்டமும் சொன்னது. நான் லிம்பை விட்டது அதைப் படித்த பிறகுதான். அதுவரை 'மலிவாக ஒரு ஃபிளாப்' என்று சொல்லிக்கொண்டு அவ்வப்போது கட்டிக்கொண்டிருந்தேன்.

மீதிப் பாதிக்குத்தான் நான் தம்பியிடம் பதில் சொன்னேன். "அதுக்கு நாலாவது மணி நேரம்னு ஒண்ணு கிடையாதே தம்பி." ஒரே சீட்டோடு ஒரே இடத்தில் ஒரு தடவை ரெய்ஸ், ஒரு தடவை ஃபோல்ட் (விலகல்) என்று சரியான விகிதத்தில் மாற்றி மாற்றி ஆடுவதெல்லாம் அதற்குச் சுலபம். எனக்கு, 50 பிளைண்ட் தோற்றுவிட்டு அடுத்த கையை எடுக்கும்போது விகிதமா நினைவுக்கு வரும்? இன்னொன்று, அது ஆடியது தொழில்முறைக்காரர்களோடு. நான் ஆடுவது 'பார்த்துடலாமே'யோடு.

சரி, பாணியை மாற்றினேன், அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லாப நஷ்டப் பத்தியைப் பார்த்தால் தெரியும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தெரியாது. நோ-லிமிட்டில் ஏற்ற இறக்கம் 100 கைக்கு 90 பிளைண்ட் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 10,000 கை ஆடிய பிறகும் என் சராசரியில் மேலும் கீழும் 18 பிளைண்ட் வரை வெறும் அதிர்ஷ்டம் இருக்கலாம். நன்றாக ஆடுகிறவரின் உண்மையான லாபமே 100 கைக்கு ஐந்தோ பத்தோதான். எங்கள் மேசையில் மணிக்கு 25 கை. வாரம் ஒரு நாள், நான்கு மணி நேரம். 10,000 கை ஆக இரண்டு வருடம். இரண்டு வருடம் கழித்தும் எனக்கு விடை தெரியாது. மூன்று வாரம் தொடர்ந்து ஜெயித்துவிட்டு 'என் பாணி செட் ஆகிவிட்டது' என்று சொல்கிறவர்களைப் பார்த்து நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

ஆகவே லாபப் பத்தியை ஓரமாக்கிவிட்டு, தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் செய்கிறேன்: பிழையை எண்ணுகிறேன். எந்தெந்தக் கையில் ரிவருக்கு வந்து நின்று 'தெரியவில்லை' என்று மனசுக்குள் சொன்னேனோ, அதற்கு எதிரே நோட்டில் ஒரு 'தெ' போடுகிறேன். ஜெயித்தாலும் போடுவேன். ஜெயித்த கையின் 'தெ'க்கள்தான் உண்மையில் ஆபத்தானவை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. லூஸ் அக்ரெசிவ் மாதங்களில் ஒரு ராத்திரிக்கு ஒன்பது, பத்து 'தெ' இருந்தது. அதில் ஆறு, ஏழு கடைசி ஒரு மணி நேரத்தில். டைட்டாக இருந்த காலத்தில் நோட்டு இப்படி இல்லை, ஆனால் நினைவிலிருந்து சொன்னால் ஒன்றோ இரண்டோ இருக்கும். அது ரொம்பக் குறைவு. ஒரு கேள்வியும் வராத ஆட்டத்தில் யாரும் எனக்குப் பணமும் தரமாட்டார்கள், ஏஸ் ஜோடிக்கு ஒன்றரை பிளைண்ட் தவிர.

இப்போது மூன்று, நான்கு 'தெ'யில் நிற்கிறேன். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு ஏற்பாடு. முதலில் பேசவேண்டிய இடத்தில் 100-க்குப் பதினைந்து கை. பட்டன் நெருங்க நெருங்க அகலமாகிக்கொண்டே வந்து, பட்டனில் எனக்கு முன்னால் எல்லோரும் போட்டுவிட்டால் நாற்பது வரை. நுழைந்தால் ரெய்ஸ்தான். மூன்று மணி நேரம் ஆனதும் பட்டனைத் தவிர மற்ற இடங்களில் அரைகுறைச் சீட்டையெல்லாம் நிறுத்திவிடுவேன். தம்பி இதையும் கண்டுபிடித்துவிட்டான். "அண்ணனுக்குக் கடை சாத்துற நேரம் வந்தாச்சு" என்பான், நான் முதல் தடவை கொட்டாவி விட்டதும். சாத்தின கடைக்காரன் ரெய்ஸ் செய்தால் எல்லோரும் விலகுகிறார்கள் என்பதால், அந்தக் கடைசி மணியில் ஒன்றிரண்டு தடவை ஒன்றுமே இல்லாமல் ரெய்ஸ் செய்து எடுத்துக்கொள்கிறேன். இது அவனுக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

போன வாரம், நாலாவது மணி நேரம். முதலில் பேசவேண்டிய இடம். சீட்டைத் தூக்கினேன்: கிங், 9. இரண்டும் டயமண்ட். சீட்டைப் போட்டுவிட்டேன். பட்டனில் இருந்து தம்பி ரெய்ஸ், பெரிய பிளைண்டில் இருந்து "பார்த்துடலாமே".

ஃபிளாப்பில் கிங், 9, 4. மூன்றும் வேறு வேறு இனம்.

இருவரும் கடைசி வரை போனார்கள். தம்பியிடம் ஏஸ்-கிங். அவரிடம் 4-ம் ஏதோ ஒன்றும். பெரிய பாட். சிப்ஸை இழுத்துக்கொண்டே தம்பி என் பக்கம் திரும்பினான்.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி போச்சு? கிங்-9-ஐப் போட்டீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த கைக்கு நான்தான் பெரிய பிளைண்ட், சிப்ஸை எடுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதும்போது 'தெ' பத்தியில் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்திலேயே புதிதாக ஒரு பத்தி தொடங்க வேண்டியிருந்தது. தலைப்பு: 'மூஞ்சி'.